லிப்பிட்டைக் கண்டறியும் நியூக்ளியர் ரிசப்டர் சென்சார்: இறுதி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கும் நெட் தேர்வுக்கும் சேர்த்துப் படிப்பது எப்படி

கொழுப்பமிலம், பித்த அமிலம், ஆக்சிஸ்டெரால் மாதிரியான லிப்பிட்டுகளைக் கண்டறியும் சென்சாரை நியூக்ளியர் ஹார்மோன் ரிசப்டரிலிருந்து (லிப்பிட் போன்ற மூலக்கூறு வந்து ஒட்டியதும் ஜீனை இயக்கும் செல் புரதம்) உருவாக்குவது என்று தலைப்பு எடுத்திருக்கும், அல்லது எடுக்க யோசிக்கும் எம்.எஸ்ஸி., எம்.டெக். மாணவர்களுக்கான குறிப்பு இது. சென்னையில் பெரும்பாலும் ஜனவரியில் வேலை தொடங்கி மே மாதத்துக்குள் வைவா வந்துவிடும். இருக்கும் நேரத்தில் பாதியைக் குளோனிங்கிலேயே கரைத்துவிடாதீர்கள். குளோனிங் தவறினால் திரும்பச் செய்யலாம். இந்த ப்ராஜெக்ட் உண்மையில் சரிவது லிப்பிட்டைக் கையாளும் இடத்தில்தான். தண்ணீரில் கரையாது, பிளாஸ்டிக்கில் ஒட்டும், காற்றில் கெடும், போதாததற்குச் செல்லே அதைத் தின்றுவிடும். அதனால் லிப்பிட்டை முதலில் முடிவு செய்யுங்கள். ரிசப்டரைப் பிறகு பார்க்கலாம்.

அடிப்படையை ஒரு முறை ஓட்டிவிடுவோம். மனிதரில் 48 நியூக்ளியர் ரிசப்டர்கள் உண்டு. டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி (டிபிடி), லிகண்டை, அதாவது ரிசப்டரில் வந்து ஒட்டும் மூலக்கூறை, பிடிக்கும் பகுதி (எல்பிடி), இரண்டுக்கும் நடுவே ஹிஞ்ச். எல்பிடி சுமார் 12 ஹெலிக்ஸ்களால் ஆனது. லிகண்ட் உள்ளே வந்து அமர்ந்ததும் 12ஆவது ஹெலிக்ஸ் மடங்கி மூடிக்கொள்கிறது. அங்கே உருவாகும் பள்ளத்தில் கோஆக்டிவேட்டரின் (ஜீனை இயக்க உதவும் துணைப் புரதம்) எல்எக்ஸ்எக்ஸ்எல்எல் பகுதி (எல் லியூசின், எக்ஸ் எந்த அமினோ அமிலமும்) வந்து பொருந்துகிறது. டிபிடியும் எல்பிடியும் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை என்பதை 1987இல் கிரீனும் ஷாம்போனும் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரில் குளுக்கோகார்டிகாய்டு ரிசப்டரின் டிபிடியை மாட்டிக் காட்டினார்கள். உங்கள் ப்ராஜெக்ட்டின் மொத்த அடித்தளமும் அந்தச் சோதனைதான். ஈஸ்டின் ஜீன் இயக்கும் புரதமான கேல்4இன் டிபிடியை (1 முதல் 147 அமினோ அமிலம்) உங்களுக்குப் பிடித்த எல்பிடியோடு ஒட்டி, கேல்4 பிடிக்கும் ஐந்து யுஏஎஸ் டிஎன்ஏ தளங்களுக்குப் பின்னால் ஒளி தரும் லூசிஃபெரேஸ் நொதியின் ஜீனை ரிப்போர்ட்டராக வைத்தால் சென்சாரின் முதல் வடிவம் தயார்.

எந்த ரிசப்டர்-லிப்பிட் ஜோடியை எடுப்பது? பலரும் நேராகப் பிபிஏஆர்-காமா ரிசப்டருக்கும் கொழுப்பமிலத்துக்கும் போகிறார்கள். முதல் முறை செய்பவர்களுக்கு நான் எஃப்எக்ஸ்ஆர் ரிசப்டரையும் கீனோடீஆக்ஸிகோலிக் என்ற பித்த அமிலத்தையும்தான் பரிந்துரைப்பேன். பித்த அமிலங்கள் எஃப்எக்ஸ்ஆரின் இயற்கை லிகண்டுகள் என்பது 1999இல் வெளிவந்தது. இந்த அமிலத்தின் சோடியம் உப்பு ஓரளவு நன்றாகவே கரையும், எளிதில் கெடாது, விலையும் தாங்கும். பத்து மைக்ரோமோலாரை ஒட்டிய செறிவிலேயே சிக்னல் எழத் தொடங்கும். நூறு மைக்ரோமோலாரைத் தாண்டினால் அது சோப்பு மாதிரி செல் சவ்வைக் கரைக்கத் தொடங்கும். மேல் எல்லையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: கிளைசீனோ டாரினோ இணைந்த பித்த அமிலங்கள் ஹெச்ஈகே 293 செல்லுக்குள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்) தானாக நுழையாது. என்டிசிபி அல்லது ஏஎஸ்பிடி டிரான்ஸ்போர்ட்டரின் ஜீனையும் சேர்த்து டிரான்ஸ்ஃபெக்ட் செய்ய (டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்த) வேண்டும். அதைச் செய்யாமல் 'ரிசப்டர் பதில் சொல்லவில்லை' என்று அறிக்கையில் எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே அங்குதான் விழும்.

பிபிஏஆர்-காமாவையே எடுக்கிறீர்கள் என்றால் எண் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு வடிவங்கள்: மனித காமா1 477 அமினோ அமிலம், காமா2 505. இரண்டுக்கும் 28 வித்தியாசம். ஒரு கட்டுரை சிஸ்டீன் 285 என்கிறது, இன்னொன்று சிஸ்டீன் 313 என்கிறது; இரண்டும் ஒரே சிஸ்டீன்தான். இதைக் கவனிக்காமல் ப்ரைமர் வடிவமைத்தால் சம்பந்தமே இல்லாத இடத்தில் மியூட்டேஷன் விழும். எல்பிடியை ஹிஞ்சோடு சேர்த்து, காமா1 கணக்கில் 176ஐ ஒட்டித் தொடங்கி 477 வரை எடுங்கள். சி-முனையில் எந்த டேகும் வேண்டாம்; 12ஆவது ஹெலிக்ஸ் அங்கேதான் முடிகிறது, வால் ஒட்டினால் அது மூடுவது கெடும். கேல்4க்கும் எல்பிடிக்கும் இடையில் ரீடிங் ஃபிரேமைச் சீக்வென்சிங்கில் உறுதி செய்த பிறகே செல்லைத் தொடுங்கள். பிளாஸ்மிட்டை வெளிநாட்டுக் களஞ்சியத்திலிருந்து வரவழைப்பதாக இருந்தால் சுங்கம், அனுமதி என்று வாரக்கணக்கில் இழுக்கும். நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவுக்கான விண்ணப்பத்தையும் ஆர்டரோடு ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனி லிப்பிட் ஸ்டாக். அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் திறந்து வைத்த பாட்டில் சில நாளிலேயே நீர் கலந்ததாகிவிடும், லிப்பிட் அதில் கண்ணுக்குத் தெரியாமல் படியும். சிறு குப்பிகளாகப் பிரித்து, ஒரு முறை திறந்ததைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். டிஎம்எஸ்ஓவின் உறைநிலை 18.5 டிகிரி. ஏசியை 18இல் ஓடவிட்டிருக்கும் அறையில் ஓரமாகக் கெட்டியாகி நிற்கும், அப்படியே பிப்பெட்டால் எடுத்தால் செறிவு தவறும். அறை வெப்பத்தில் முழுக்க உருக வைத்து, கலக்கிவிட்டு எடுங்கள். செல்லில் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எல்லாக் குழிகளிலும், கன்ட்ரோல் உட்பட, ஒரே அளவு இருக்க வேண்டும். லினோலியிக் அமிலம், டிஹெச்ஏ போன்ற பல இரட்டைப் பிணைப்புள்ளவை நைட்ரஜன் அல்லது ஆர்கான் ஊதிய கண்ணாடிக் குப்பியில், மைனஸ் 80இல் இருக்கட்டும். ஆக்ஸிகரணமான லினோலியிக் அமிலமும் பிபிஏஆர்-காமாவைத் தூண்டும். ஆகவே ஸ்டாக் கெட்டால் சிக்னல் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும், அது இன்னும் ஆபத்து.

பால்மிடேட்டுக்கு ஆல்புமின் தேவை. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்ஸைடில் 100 மில்லிமோலார் பால்மிடிக் அமிலத்தை 70 டிகிரியில் தெளியும் வரை சூடாக்குங்கள். கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏவை (மாட்டு ஆல்புமின்) 10 சதவீதக் கரைசலாக 37 டிகிரியில் வைத்து, அதன் 19 பங்கில் சூடான பால்மிடேட் 1 பங்கைச் சொட்டுச் சொட்டாகக் கலக்குங்கள். 5 மில்லிமோலார் பால்மிடேட்டும், சுமார் 1.4 மில்லிமோலார் பிஎஸ்ஏவும் கிடைக்கும். விகிதம் ஏறத்தாழ 3.5க்கு 1. கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் கொட்டிவிட்டுத் திரும்பத் தயாரியுங்கள், வடிகட்டிச் சமாளிக்க வேண்டாம், வடிகட்டியில் எவ்வளவு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. இதை 50 மடங்கு நீர்த்தால் 100 மைக்ரோமோலார். கன்ட்ரோலுக்கு அதே பிஎஸ்ஏ, அதே அளவு சோடியம் ஹைட்ராக்ஸைடு, பால்மிடேட் மட்டும் இல்லாமல். அறிக்கையில் விகிதத்தைக் கட்டாயம் எழுதுங்கள்: ஆல்புமினோடு ஒட்டாமல் தனியாக மிதக்கும் கொழுப்பமிலம் மிகச் சொற்பம், அதைத் தீர்மானிப்பது இந்த விகிதமே. 500 மைக்ரோமோலார் பால்மிடேட்டில் 24 மணி நேரம் வைத்தால் செல்கள் சாகத் தொடங்கும்.

சாவு நேரடியாக உங்கள் எண்ணைக் கெடுக்கும். நாம் எல்லோரும் ரிப்போர்ட்டரான ஃபயர்ஃபிளை லூசிஃபெரேஸை, செல் அளவைச் சரிக்கட்டச் சேர்க்கும் ரெனில்லா லூசிஃபெரேஸால் வகுக்கிறோம். செல் செத்து ரெனில்லா பாதியானால், ஃபயர்ஃபிளை அசையாமல் இருந்தாலும் விகிதம் இரு மடங்காகும். வரைபடத்தில் அது அழகான தூண்டலாகத் தெரியும். எனவே இரண்டு எண்களையும் தனித்தனியாக வரையுங்கள். ரெனில்லா 20–30 சதவீதத்துக்கு மேல் சரிந்த செறிவுகளைப் பொருத்தலில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, ஃபயர்ஃபிளை லூசிஃபெரேஸ் ஏசைல்-கோஏ சிந்தடேஸ் குடும்பத்தைச் சேர்ந்த நொதி. நீளச் சங்கிலிக் கொழுப்பமிலம் அதன் வினைத்தளத்திலேயே போய் உட்கார்ந்து அதைத் தடுக்கும். லூசிஃபெரேஸ் உள்ள லைசேட்டை (செல்லை உடைத்த கரைசல்) எடுத்து, அதில் லிப்பிட்டை நேரடியாகச் சேர்த்து ஒரு முறை அளந்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

96 குழித் தட்டுக்கு நடைமுறை அளவு: குழிக்கு 25,000 ஹெச்ஈகே 293 செல், மொத்த டிஎன்ஏ 100 நானோகிராம். அதில் ரிப்போர்ட்டர் 50, கேல்4-எல்பிடி 15, ரெனில்லா 5, மீதி 30 வெறும் நிரப்பு பிளாஸ்மிட். டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பிஇஐ 300 நானோகிராம். மறுநாள் மீடியத்தை மாற்றி, கரித்தூளால் லிப்பிட் நீக்கிய சீரத்தில் லிகண்டைக் கொடுத்து 16 முதல் 24 மணி நேரம். சாதாரண சீரத்தில் செய்தால் அதிலுள்ள கொழுப்பமிலங்களே அடிப்படை சிக்னலை உயர்த்திவிடும். ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் என்றால் ஃபீனால் ரெட் இல்லாத மீடியமும் வேண்டும். ஆக்சிஸ்டெராலை உணரும் எல்எக்ஸ்ஆரில் செல்லே ஆக்சிஸ்டெரால் தயாரித்துக்கொள்ளும் தொல்லை உண்டு. ஸ்டாட்டின் கொடுத்து அதை அடக்குவார்கள். சிக்னல் பலவீனமாக இருக்கிறதே என்று ரிசப்டர் பிளாஸ்மிட்டை ஏற்றாதீர்கள். பெரும்பாலும் அடிப்படை சிக்னல்தான் ஏறும், தூண்டல் மடங்கு குறையும். 5, 15, 45 நானோகிராம் என்று மூன்று அளவில் ஒரு முறை பார்த்துவிட்டு நிலைப்படுத்துங்கள்.

ஜீனை வலுவாக இயக்கும் வைரஸ் புரதப் பகுதியான விபி16ஐ ஒட்டி வலுவாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரில் ஒட்டலாம்: லிகண்ட் வரும்வரை ஹெச்எஸ்பி90 என்ற செல் புரதம் அதைப் பிடித்துவைத்திருக்கும், ஈஸ்டில் பயன்படும் கேல்4-ஈஆர்-விபி16 ஸ்விட்ச் அப்படித்தான் வேலை செய்கிறது. பிபிஏஆர், எல்எக்ஸ்ஆர், ஆர்எக்ஸ்ஆர் எல்லாம் லிகண்ட் இல்லாமலே உட்கருவில், டிஎன்ஏ மேல் இருப்பவை. அவற்றில் விபி16ஐ மாட்டினால் விளக்கு எப்போதும் எரியும், சென்சார் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

கன்ட்ரோல்களில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் ஆர்எக்ஸ்ஆர், பல நியூக்ளியர் ரிசப்டர்களோடு ஜோடி சேரும் ரிசப்டர். கேல்4-பிபிஏஆர் எல்பிடி கூட செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஆர்எக்ஸ்ஆரோடு ஜோடி சேரும். அந்த ஜோடி ஆர்எக்ஸ்ஆர் லிகண்டுக்கும் பதில் சொல்லும் வகை. டிஹெச்ஏ ஆர்எக்ஸ்ஆருக்கும் லிகண்ட். ஆக மீன் எண்ணெய்ச் சாற்றில் வரும் சிக்னல் எந்தப் பாதியிலிருந்து வந்தது? கேல்4 டிபிடி மட்டும், கேல்4-ஆர்எக்ஸ்ஆர், ஜிடபிள்யூ9662 என்ற தடுப்பான் கொடுத்த குழி (இது பிபிஏஆர்-காமாவின் அந்த சிஸ்டீன் 285ஐ நிரந்தரமாகப் பிடித்து அடைக்கும்), 12ஆவது ஹெலிக்ஸில் லியூசின் 468ஐயும் குளூட்டமேட் 471ஐயும் அலனைனாக மாற்றிய மியூட்டன்ட் ஆகிய நான்கும் இருந்தால் பதில் சொல்லிவிடலாம். நேரமில்லை என்றால் மியூட்டன்டை விடுங்கள், மற்ற மூன்றை விடாதீர்கள்.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயை நேராகக் குழியில் விட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. அவை டிரைகிளிசரைடு, ரிசப்டரின் குழிக்குள் போவது பிரிந்த கொழுப்பமிலம். 1 கிராம் எண்ணெய்க்கு 90 சதவீத எத்தனாலில் கரைத்த 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு 10 மில்லி சேர்த்து, ஒரு மணி நேரம் ரிஃப்ளக்ஸ். நீர் ஊற்றி ஹெக்ஸேனால் கழுவுங்கள். சோப்பாகாத பகுதி, எள்ளின் செசமின் உட்பட, அதில் போய்விடும். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஹெச் 2க்கு இறக்கி மீண்டும் ஹெக்ஸேனில் எடுத்தால் கொழுப்பமிலம் கிடைக்கும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். கூடவே சிறிதளவு டெக்கனோயிக் அமிலமும் உண்டு, அது பிபிஏஆர்-காமாவின் லிகண்ட். எனவே சென்சார் தரும் ஒற்றை எண் கலவையின் மொத்தப் பதிலே தவிர, எந்த அமிலம் எவ்வளவு என்பது ஆகாது. அதற்கு ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃபி) வேண்டும். அறிக்கையில் 'கண்டறிந்தோம்' என்ற சொல்லை எங்கே பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செல் வளர்ப்பு வசதி இல்லாத கல்லூரியில் ஈஸ்ட் நல்ல வழி. அதற்குச் சொந்தமாக நியூக்ளியர் ரிசப்டர் கிடையாது, பின்னணி சுத்தம். ஈஸ்ட்ரோஜனுக்கு அருமையாக வேலை செய்யும். பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியை ரிப்போர்ட்டராக வைத்தால், அது உடைக்கும் சிபிஆர்ஜி சாயம் மஞ்சளிலிருந்து சிவப்பாவதை 540 நானோமீட்டரில் படிக்கலாம். கேல்4 டிபிடி வைத்தால் கேல்4, கேல்80 இரண்டும் நீக்கிய ஸ்ட்ரெயின் வேண்டும், அல்லது பாக்டீரியாவின் லெக்ஸ்ஏ டிபிடிக்கு மாறுங்கள். ஆனால் கொழுப்பமிலத்துக்கு ஈஸ்டைத் தேர்ந்தெடுக்குமுன் யோசியுங்கள். ஓலியேட்டை அது பெராக்சிசோமில் எரித்துவிடும், அதை உணர ஓஏஎஃப்1 என்று சொந்தப் புரதமும் வைத்திருக்கிறது. ஸ்டெராலையோ ஆக்ஸிஜன் இருக்கும்போது வெளியிலிருந்து உள்ளே விடாது. யுபிசி2-1 மியூட்டேஷன் இருந்தால்தான் விடும். ஸ்டீராய்டுகளைப் பிடிஆர்5, எஸ்என்கியூ2 பம்புகள் வெளியே தள்ளும், அவற்றை நீக்கினால் உணர்திறன் கூடும்.

தரவைப் பொருத்துமுன், சோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்று காட்டும் இசட் காரணியைக் கணக்கிடுங்கள். நேர் கன்ட்ரோல் சராசரி 20,000, விலகல் 1,500. எதிர் கன்ட்ரோல் 2,000, விலகல் 300 என்று வையுங்கள். விலகல்களின் கூட்டுத்தொகை 1,800, அதன் மூன்று மடங்கு 5,400, சராசரிகளின் வித்தியாசம் 18,000. 1 கழித்தல் 0.3, அதாவது 0.7. 0.5க்கு மேல் இருந்தால் நம்பலாம். ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகாது. வெவ்வேறு நாளில், புதிதாக நீர்த்த லிகண்டோடு மூன்று முறை செய்ததே கணக்கு. அரை மடக்கை இடைவெளியில் எட்டுச் செறிவுகள் போதும். மேல் தட்டையான பகுதி வராத வளைவிலிருந்து ஈசி50 (பாதிப் பதில் தரும் செறிவு) எடுக்காதீர்கள், கொழுப்பமிலங்களில் இது அடிக்கடி நேரும்.

இதே வேலை சிஎஸ்ஐஆர் நெட் உயிரியலுக்கும் கைகொடுக்கும். செல் சிக்னலிங் அலகிலும், ஜீன் வெளிப்பாட்டுக் கட்டுப்பாட்டிலும், முறைகள் அலகிலும் இதை ஒட்டிக் கேள்வி வரலாம். சி பகுதியில் கேள்விக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். 75இல் 25 எழுதினால் போதும் என்பதால் டொமைன் மாற்றும் சோதனைக் கேள்விகளைத் தேடிப் பிடித்து எழுதுங்கள். இப்படி வரும்: ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரில் குளுக்கோகார்டிகாய்டு ரிசப்டரின் டிபிடி, ரிப்போர்ட்டரில் அந்த டிபிடி பிடிக்கும் ஜிஆர்இ தளம், செல்லுக்கு டெக்சாமெத்தசோன் (குளுக்கோகார்டிகாய்டு ரிசப்டரின் லிகண்ட்). ஒளிருமா? ஒளிராது, எல்பிடி கேட்பது ஈஸ்ட்ராடையாலை. செல்லில் இயல்பான குளுக்கோகார்டிகாய்டு ரிசப்டரும் இருந்தால் பதில் மாறும், அந்த நிபந்தனையைக் கேள்வியில் தேடுங்கள். ஏஜிஜிடிசிஏ அரைத்தளங்களுக்கிடையே 3, 4, 5 இடைவெளி முறையே வைட்டமின் டி, தைராய்டு, ரெட்டினோயிக் அமில ரிசப்டர்களுக்கு. இடைவெளி 1 பிபிஏஆர்-ஆர்எக்ஸ்ஆருக்கு, 4இல் எல்எக்ஸ்ஆரும் அமரும். டிபிடியில் டிஎன்ஏ வரிசையை அடையாளம் காணும் பி-பாக்ஸில் சில அமினோ அமிலங்களை மாற்றினாலே ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரின் டிபிடி ஜிஆர்இயைப் பிடிக்கும் என்பதும் பழைய, உறுதியான கேள்விப் பொருள்.

வைவாவுக்கு ஒரு வாரம் முன் புரதத் தரவு வங்கியின் (பிடிபி) 2பிஆர்ஜி கட்டமைப்பைத் திறந்து வையுங்கள்: பிபிஏஆர்-காமா, ரோசிகிளிட்டசோன், எஸ்ஆர்சி-1 துண்டு மூன்றும் அதில் உண்டு. செரின் 289, ஹிஸ்டிடின் 323, ஹிஸ்டிடின் 449, டைரோசின் 473 நான்கும் லிகண்டின் தலையை எப்படிப் பிடிக்கின்றன என்று நீங்களே சுழற்றிப் பாருங்கள். 'இந்த சென்சாரை இன்னொரு லிப்பிட்டுக்கு எப்படி மாற்றுவாய்?' என்று கேட்டால் பேச அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரில் கிளைசின் 521ஐ ஆர்ஜினினாக மாற்றியதும் ஈஸ்ட்ராடையால் பிடிமானம் சரிந்து, ஹைட்ராக்ஸிடாமாக்ஸிஃபென் மட்டும் நிலைப்பதைக் கூடவே சொல்லுங்கள்; குறிப்பிட்ட ஒரு பக்கச்சங்கிலியால் தேர்வுத்திறன் மாறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.