உலையில் போடும் முன் ஒரு பிடி

அரிசியைக் களையும் முன்னே ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டுவைப்பது சபைப் பெண்களுக்குக் கை பழகிய வேலை. மாதக் கடைசி ஞாயிறன்று அதைப் பையில் கட்டி ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பிடி அரிசிக் காணிக்கை என்று அதற்குப் பெயர். சமைத்து மீந்ததிலிருந்து அது வருவதில்லை. உலையில் போடும் முன்னே, வீட்டில் இத்தனை வயிறு இருக்கிறது என்று தெரிந்தே எடுக்கப்படுகிறது. இக்கட்டுக் காலத்துக்குச் சபை எப்படி ஆயத்தப்பட வேண்டும் என்று கேட்டால், மதுரைப் பக்கம் திருச்சபைப் பணியில் இருக்கிற எவரும் இந்தச் சட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

ஒரு கைப்பிடி அரிசி ஏறக்குறைய 45 கிராம். 40 வீடுகள் நாளுக்கு ஒரு பிடி எடுத்தால் 1.8 கிலோ, மாதத்துக்கு 54 கிலோ. அரிசியை மட்டுமே நம்பியிருக்கும் நாட்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் வேண்டும் என்று வைத்தால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 11 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, ஒரு சின்னச் சபையின் ஒரு மாதப் பிடி அரிசி, ஏறக்குறைய ஐந்து வீடுகளை ஒரு வாரம் தாங்கும். யாருடைய பட்ஜெட்டிலும் இது துண்டு விழச் செய்யாது.

"நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கமிட்டிக் கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். கேட்பவரை அவிசுவாசி என்றோ விவரம் தெரியாதவர் என்றோ தள்ளிவிடக் கூடாது. கேள்வி நேர்மையானது. ஆனால் அதே வேதத்தில்தான் யோசேப்பு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு வருஷம் களஞ்சியத்தில் சேர்த்தார். நெகேமியா மதில் கட்டும்போது ஜெபமும் பண்ணினார், இரவு பகலாகக் காவலும் வைத்தார். வனாந்தரத்தில் விடியும்வரை பதுக்கிய மன்னா பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கென்று ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்தது கெடவில்லை. பதுக்குவதற்கும் ஆயத்தப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் அதற்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் மனதில் ஆழமாக நிற்பது அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். பவுல் போன கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் வந்து சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும், படகை இறக்கித் தப்பப் பார்த்த கப்பலாட்களைப் பவுல் கண்டுபிடித்து, "இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது" என்கிறார். பதினாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார், தானே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் பிட்டுச் சாப்பிட்டுக் காட்டுகிறார். வாக்குத்தத்தம் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அமெரிக்கன் மிஷன் மதுரையில் 1834இல் தொடங்கிய பணியில் உருவான பழைய சபைகள், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைக் கடந்து வந்தவை. நம் பாட்டிமார் அரிசிப்பானையைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தார்கள்.

இனி அந்த அரிசியைப் பார்ப்போம். பெரும்பாலான சபைகளில் காரியம் கெட்டுப்போவது இங்கேதான். நாற்பது பையில் வரும் அரிசி நாற்பது விதம். ரேஷன் புழுங்கல், பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டினால் இரண்டு தொல்லை. ஒன்று, ஒரே உலையில் பச்சரிசி குழையும்போது புழுங்கல் நறுக்கென்று நிற்கும். வாங்கிப்போனவர் வாயில் வைத்ததும், இது தருமத்துக்குக் கொடுத்த அரிசி என்று தெரிந்துவிடும். அந்த வலியை நாம் கொடுக்கக் கூடாது. இரண்டு, ஒரு வீட்டுப் பையில் இருந்த வண்டு பதினைந்து இருபது நாளில் டிரம் முழுக்கப் பரவிவிடும். ஆகவே ஆலய வாசலில் இரண்டு டிரம் வையுங்கள்: புழுங்கலுக்கு ஒன்று, பச்சரிசிக்கு ஒன்று. கொட்டும் முன் பெரிய சல்லடையில் சலியுங்கள். வண்டு தெரிந்தால் அந்தப் பையைத் தனியே நிழலில் பரப்பி, புடைத்து, அந்த வாரமே கஞ்சிக்குப் பயன்படுத்திவிடுங்கள். மே மாத வெயிலில் காயப்போடத் தோன்றும். அரிசி வெடித்து நொய்யாகிவிடும், வேண்டாம்.

மூடி இறுகப் பொருந்துகிற தகர டிரம் நல்லது. உள்ளே நிழலில் உலர்த்திய வேப்பிலையும் சில வசம்புத் துண்டுகளும் துணியில் முடிந்து போடலாம். ஈரவேப்பிலை போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பழைய ஆலயச் சுவர்கள் ஓதம் எடுக்கும். சுவரை ஒட்டிய டிரம்மின் அந்தப் பக்கத்து அரிசிதான் முதலில் கட்டி தட்டும். மூடியில் சாக்பீஸால் மாதத்தை எழுதி, மூன்று மாதத்துக்குள் கொடுத்துத் தீர்த்துவிட்டுப் புதிதை நிரப்புங்கள். வெள்ளம் வராவிட்டாலும் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர் வீடு, தறி நின்றுபோன வீடு, மழையால் சித்தாள் வேலை இல்லாத வீடு.

அந்த வீடு எது என்று தெரிய வேண்டுமானால் பட்டியல் வேண்டும். சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானத் தேதி இருக்கும், திடப்படுத்தல் தேதி இருக்கும். யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், யாருக்கு டயாலிசிஸ், யார் படுத்த படுக்கை, எந்தப் பாட்டி தனியாக மாடியில் இருக்கிறார், எந்த வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி என்பது இருக்காது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருபது முப்பது வீடுகளை ஒரு கூட்டாக வைத்திருக்கிறது. மற்றச் சபைகளில் வீட்டு ஜெபக்குழுவை இப்படியே பயன்படுத்தலாம். ஒரு குழுவுக்கு ஒரு தாள். செல்போனில் மட்டும் வைத்தால் மின்சாரம் போன இரண்டாம் நாளில் பட்டியலும் போய்விடும். ஆயரிடம் ஒரு பிரதி, அவருக்கு உதவியாகச் சபைப் பணி செய்யும் உபதேசியாரிடம் ஒரு பிரதி. வாடகை வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி மே, ஜூனில் வீடு மாறுவார்கள் என்பதால் ஜூலையில் ஒரு முறை திருத்த வேண்டும், மழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் இன்னொரு முறை. நோய் விவரம் எழுதிய தாள் பூட்டி வைக்க வேண்டிய தாள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூட அதை மேடையில் வாசிக்கக் கூடாது.

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. கரையோரம் உறவுகள் உள்ள சபை, இரண்டாவது எச்சரிக்கையிலேயே முதியவர்களைக் கூட்டிவந்துவிட வேண்டும். மூன்றாவதுக்குக் காத்திருந்தால் ஆட்டோ கிடைக்காது. ஆனால் நகருக்குள் தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஆற்றினால் அல்ல. கண்மாய் மறுகால் பாய்ந்தும், வாய்க்கால் அடைபட்டும் புகும். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதிக்குள் தண்ணீர் வந்தது சில மணி நேர மழையில். கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் அணை நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு நிரம்புவதில்லை. செல்லூர், வண்டியூர், மாடக்குளம் மாதிரி கண்மாய்ப் பக்கத்துச் சபைகள் வானத்தைப் பார்த்தே முடிவெடுக்கப் பழக வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் ஹால் கதவில் பெரிதாக எழுதிவையுங்கள்.

சபை ஹாலைத் திறந்துவிடுவோம் என்று எல்லாரும் நல்ல மனதோடு சொல்கிறோம். எத்தனை பேருக்கு? உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் வைத்திருக்கும் அளவு, தங்கும் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி. 30க்கு 60 அடி ஹாலில் 47 பேர். அதே ஹாலில் ஒரே பந்தியில் 150 பேர் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார்கள், ஆனால் படுத்து எழுந்து குழந்தைக்குப் பால் கொடுத்து மூன்று நாள் இருப்பதற்கு 47 பேருக்குமேல் கூடாது. இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாள், வழியில் விளக்கு. தாழ்ப்பாள் இல்லாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு வந்து நிற்கும். ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்றால் 47 பேருக்கு 705 லிட்டர். மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டி, மோட்டார் ஓடாவிட்டால் ஒன்றரை நாளுக்குக்கூட வராது.

அந்தத் தொட்டிக்குக் குளோரின் போடும் விதத்தைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் எல்லாரும் பிளீச்சிங் பவுடரைக் கையால் அள்ளி வீசுகிறார்கள். 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் போதும். வெள்ளத்துக்குப் பின் 5 கிராம். நகைத் தராசு மாதிரிச் சின்னத் தராசு ஒன்று வாங்கிவையுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீரில் பவுடரைக் களிபோலக் குழைத்து, வாளி முக்கால் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறங்கள். இலேசான குளோரின் வாடை இருந்தால் சரி. வாடையே இல்லையென்றால் பவுடர் செத்துவிட்டது. போன வருஷ மூட்டையின் வாயைக் கட்டாமல் வைத்தால் காற்றும் வெளிச்சமும் பட்டு வீரியம் போய்விடும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள். சேற்றுக்குள் குளோரின் வேலை செய்யாது. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ்.; பொட்டலம் இல்லாத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.

சமையலைப் பற்றிச் சபைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது குறைவு. அசனம் என்ற சபை விருந்து வைக்கத் தெரிந்த சபைக்கு நிவாரண அடுப்பு புதிதல்ல. அண்டா, சட்டுவம், விறகடுப்பு, நூறு பேருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோ அரிசி என்ற கைக்கணக்கு எல்லாம் இருக்கிறது. பழகாதது பொட்டலம்தான். சுடச்சுடக் கட்டினால் உள்ளே வேர்த்து நாலைந்து மணி நேரத்தில் நூல்விடும். பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள், சாம்பார் சாதத்தைவிடப் புளியோதரையை அனுப்புங்கள், கட்டிய நேரத்தைப் பொட்டலத்தின்மேல் எழுதுங்கள்.

பணம் வேறு விதமான இக்கட்டு. வெள்ளத்தைவிட அடிக்கடி வருவது ஆஸ்பத்திரிச் செலவு. அங்கேதான் குடும்பங்கள் கந்துவட்டிக்குள் போகின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அரசு இராசாசி மருத்துவமனை வாசலில் நின்று தேடாமல், ஆண்டுக்கு ஒரு முறை சபையிலேயே கேட்டு, இல்லாதவர்களுக்கு வருமானச் சான்று வாங்க உதவ வேண்டும். சபையின் அவசர நிதியைக் கடனாகத் தராதீர்கள், கொடையாகவே தாருங்கள். கடனைத் திருப்ப முடியாதவர் முதலில் நிறுத்துவது ஆராதனைக்கு வருவதைத்தான். தொகை சிறிதாக இருக்கட்டும், மூன்று பேர் கையெழுத்து இருக்கட்டும், கேட்ட மறுநாளுக்குள் கிடைக்கட்டும். கொடுப்பதைப் படம் எடுக்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஒரு கவனம்: இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத சபைக் கணக்கில் அதை வாங்கக் கூடாது.

காகிதங்களும் ஆயத்தத்தில் சேர்த்திதான். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் கணவன் இறந்தால், பிள்ளைகள் உள்ள விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. வீடு முழுக்க மனைவிக்கே என்று நினைத்திருப்பவர் உயில் எழுதியாக வேண்டும். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. உயில், பத்திரம், ரேஷன் அட்டை, திருமணச் சான்று எல்லாவற்றையும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் அல்ல, மேல்தட்டில் வையுங்கள்.

அரிசியோ பொட்டலமோ கொடுக்கும்போது துண்டுப்பிரசுரம் சேர்த்து வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஹாலில் தங்க வருகிறவரில் பாதிப்பேர் பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்கள் சாமி வேறு. பசியோடு வந்தவனிடம் விலை கேட்டதுபோல் ஆகிவிடும்.

கடைசியாக, ஹால் சாவி. ஒரே சாவி, அது கமிட்டிச் செயலாளர் வீட்டில், அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்பது பல சபைகளின் நிலை. மூன்று சாவி செய்யுங்கள். ஒன்று ஆயரிடம், ஒன்று உபதேசியாரிடம். மூன்றாவது, ஆலயத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அவரிடம். விடியற்காலை நாலு மணிக்கு, தண்ணீர் ஏறுகிற நேரத்தில், அந்தத் தெருவில் விழித்திருப்பவர் அவர்தான்.