சும்மாதான் வந்தனுங்க

வியாழக்கிழமை மத்தியானம் உடுமலையில் பஸ் ஏறும்போதே அம்மாவைப் பெற்ற அமுச்சி மஞ்சப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். உள்ளே இரண்டு முழம் மல்லிகை, ஒரு கட்டு ஊதுபத்தி, கால் கிலோ சர்க்கரை. வருஷத்துக்கு ஒருதரம் அம்பராம்பாளையம் தர்காவுக்கு அவர் கொண்டுபோவது இவ்வளவுதான். இந்த வருஷம் முட்டிவலி கூடிவிட்டதால் துணைக்கு நான்.

இந்தப் பழக்கத்துக்கு ஆதிகாரணமும் நானே. மூன்று வயதில் ராத்திரியானால் வீறிட்டு எழுந்து அழுவேனாம். மாரியம்மன் கோயிலில் திருநீறு போட்டும் அழுகை நிற்கவில்லை. யாரோ சொல்ல, இங்கே தூக்கிவந்து ஓதி ஊதிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அழுகை நின்றது. நேர்ந்தபடி சர்க்கரை கொடுத்து அமுச்சி கணக்கை முடித்துவிட்டார். அதற்கப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேலாக எதற்கு வருகிறார் என்பது எனக்கு விளங்கியதில்லை. எனக்கோ இந்தமுறை சொந்தமாக ஒரு வேண்டுதல் இருந்தது. வீட்டுக்கடன். பேங்க்கில் மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பொள்ளாச்சியில் மீன்கரை ரோட்டு டவுன் பஸ் பிடித்தோம். அமுச்சிக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. சில தோப்புகளில் தென்னையைச் சுற்றி மிளகுக்கொடி ஏற்றியிருந்தார்கள். அம்பராம்பாளையத்தில் ஆழியாறு வந்ததும் இறங்கிக்கொண்டோம்.

தர்காவுக்குப் பக்கத்து டீக்கடையில் அமுச்சிக்குத் தெரிந்த ஒரு ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். தேங்காய் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வாசிப்பும் தொழுகையுமாக இருப்பவர். "வாங்கக்கா, வெள்ளி இராவுக்குச் சரியா வந்துட்டீங்க" என்றார். எங்களுக்கு வியாழன் சாயங்காலம். அவர்கள் கணக்கில் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபோடு நாள் மாறிவிடுகிறது.

உரூஸ் எப்போது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தேதியை விட்டுவிட்டு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார் பாய். "உரூஸ்னா கல்யாணமுங்க தம்பி. ஒரு வலியுல்லா, அதாவது இறைநேசரு, மௌத்தான நாளை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். நேசிச்சவன்கிட்டப் போய்ச் சேந்துட்டாரு, அப்புறம் எதுக்கு ஒப்பாரி?" செத்த நாளுக்குச் சந்தனமும் கொடியும் சோறும் ஏன் என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். ஒரே வார்த்தையில் தீர்ந்துபோனது. (தர்காவுக்கு வருவதே தப்பு என்று சொல்லும் முஸ்லிம் நண்பர்களும் எனக்கு உண்டு. அது அவர்களுக்குள் பழைய வழக்கு. நான் அதில் வாயைத் திறப்பதில்லை.)

ராபியா பஸரி அம்மாவைப் பற்றியும் அவர்தான் சொன்னார். இராக்கில் பஸராவில் வாழ்ந்து 801இல் மறைந்தவர். இறைவனை அன்பால் தேடும் முஸ்லிம் ஞானிகளான சூஃபிகள் அன்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான். அவர் செய்ததாகச் சொல்லப்படும் துஆ, பிரார்த்தனை, ஒன்று உண்டு. நரகத்துக்குப் பயந்து உன்னை வணங்கினால் என்னை நரகத்திலேயே எரி; சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டு வணங்கினால் அதன் கதவைச் சாத்து; உனக்காகவே வணங்கினால் உன் அழகை மட்டும் மறைத்துவிடாதே. கேட்டதும் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த கடன் விண்ணப்ப நகல் கொஞ்சம் உறுத்தியது. ஓதும்போது கையில் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தேன்.

அன்புக்கு அரபியில் இரண்டு சொல் உண்டு என்றார். ஹுப்பு, இஷ்க்கு. குர்ஆனில் இருப்பது ஹுப்பு. இஷ்க்கு அங்கே இல்லை. கரைகடந்த காதல் என்பதால் இறைவனைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லக்கூடாது என்று தடுத்தவர்கள் உண்டு. சூஃபிகள் விடவில்லை. அஷகா என்று ஒரு கொடியாம். மரத்தைச் சுற்றி ஏறி, சாரமெல்லாம் குடித்து, இலையெல்லாம் உதிரவைத்து, கடைசியில் கொடி மட்டும் நிற்குமாம். அதிலிருந்துதான் இஷ்க்கு வந்தது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

"அப்ப புல்லுருவின்னு சொல்லுங்க" என்றார் அமுச்சி. மாந்தோப்பில் அதை அறுத்து அறுத்துச் சலித்தவர்.

பாய் டீ புரையேறச் சிரித்தார். "புல்லுருவியேதானுங்கக்கா. ஆனா இதுல மரமே வா வான்னு கூப்புட்டு ஏத்திக்குது."

நான் உதிர்கிறேன், அவன் நிற்கிறான் என்ற அந்த இடத்துக்கு அவர்கள் ஃபனா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் காதுக்கு இது புதுசில்லை. மாணிக்கவாசகர் தன்னைப் பெண்ணாக வைத்துச் சிவனுக்கு உருகினார். 1838இல் மறைந்த சூஃபிக் கவி குணங்குடி மஸ்தான் சாகிபு அதைத் திருப்பிப் போட்டு, இறைவனை மனோன்மணி என்று பெண்ணாக விளித்து ஏங்கினார். ஆனால் பாய் சொன்னதில் என்னை நிறுத்தியது வேறு. குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயத்தில், 54ஆம் வசனத்தில், 'அவன் அவர்களை நேசிப்பான், அவர்களும் அவனை நேசிப்பார்கள்' என்று வருகிறது. "வரிசையைப் பாருங்க தம்பி. மொதல்ல அவன். அப்புறந்தான் நாம."

மஃரிப் பாங்கு சொன்னதும் அவர் தொழப் போய்விட்டார். தொழுகை முடிந்தபின் நாங்கள் தர்காவுக்குள் போனோம். அமுச்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். நான் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். சாம்பிராணிப் புகை, பச்சைப் போர்வை, அதன்மேல் யாரோ காலையில் போட்டு வாடத் தொடங்கிய ரோஜா. ஓதுகிறவர் பூவையும் சர்க்கரையையும் வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கு ஓதணும்? என்ன வேண்டுதல்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அவர் ஒன்றும் கேட்காமல் ஓதி முடித்து, மயில்தோகைக் கட்டால் அமுச்சியின் தலையை மெல்லத் தடவினார். தோகையின் ஒரு நுனி அமுச்சியின் மூக்குத்தியில் மாட்டிக்கொண்டது. அவரே பொறுமையாக விடுவித்தார். அமுச்சி கண்ணை மூடியபடியே இருந்தார். முகத்தில் வேண்டுதல் எதுவும் இல்லை. மகள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார்.

அப்புறம் என் முறை. ராபியா அம்மாவை நினைத்துக்கொண்டேன், இரண்டு விநாடி. பிறகு கடனைச் சொல்லிவிட்டேன். விண்ணப்ப எண் உட்பட.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஓதிக் கொடுத்த சர்க்கரைப் பொட்டலத்தை அமுச்சி மடியில் பிரித்தார்.

"நீ என்ன கண்ணு கேட்டே?"

சொன்னேன்.

"சரி, அதுக்கென்ன" என்று ஒரு சிட்டிகை எடுத்தார். "வாயத் தொற."