போன் வந்தது

“அளவு பொருந்திவிட்டது, நாளைக்கே வந்து சேர்ந்துவிடுங்கள்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை வைத்ததும் தம்பி செய்த முதல் வேலை, டவுசரைத் தூக்கி முழங்காலைப் பார்த்ததுதான்.

விபத்தில் உள்ளே குருத்தெலும்பு ஒரு நாணய அகலத்துக்குப் பெயர்ந்துவிட்டது. அது தானாக வளராது. இந்த வயதில் உலோக மூட்டு வைத்தால் ஆயுள் முழுக்கத் தாங்குமா என்பது சந்தேகம். அதனால் இறந்துபோன ஒருவரின் குருத்தெலும்பை, அடியில் ஒட்டிய எலும்போடு எடுத்துப் பொருத்தப் போகிறார்கள்.

சிறுநீரகம் மாதிரி ரத்த வகையெல்லாம் பொதுவாகப் பார்ப்பதில்லை. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாதே! அளவும் வளைவும்தான் முக்கியம்.

உறைய வைத்தால் செல்கள் செத்துவிடும். 4 டிகிரி குளிரில் வைத்து, பெரும்பாலும் 28 நாட்களுக்குள் பொருத்திவிடுகிறார்கள். அதில் பாதி நாள் தொற்றுச் சோதனைகளுக்கே போய்விடும். அதான் இந்த அவசரம்.

அப்புறம் டாக்டர் சொன்ன ஒன்று. அடியிலுள்ள எலும்பைத் தம்பியின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையதாக மாற்றிக்கொள்ளுமாம். மேலே இருக்கும் குருத்தெலும்புச் செல்கள் மட்டும் கொடுத்தவருடையவையாகவே இருக்குமாம்.

அவர் யாரென்று சொல்லமாட்டார்கள். தம்பி அளவு முழங்கால் உள்ளவர், அவ்வளவுதான் தெரியும்.

அந்த வீட்டில் துக்கம் ஆறியிருக்காது. இங்கே எங்களுக்குச் சந்தோஷம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் பிடிபடவில்லை.