தக்ளியில் நூல் நூற்றது: மூன்றாவது வாரம்

போன வாரம் வரை தக்ளியில் (கையால் சுழற்றி நூற்கும் சின்னக் கருவி) நான் நூற்றதை நூல் என்று சொன்னால் நூல் கோபித்துக்கொள்ளும். இந்த வாரம் தேவலை. சனிக்கிழமை 1 மணி நேரம் உட்கார்ந்து அளந்து பார்த்தேன்: 22 மீட்டர், அதற்குள் 31 தடவை அறுந்தது. மின்விசிறியை அணைத்ததும் பாதியாகக் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தபோது இன்னும் குறைவு. காற்று காய்ந்திருந்தால் பருத்தி பொட்டென்று போய்விடுகிறது, இங்கிலாந்தில் பஞ்சாலைகள் நிறைந்திருந்த லங்காஷயரின் ஈரக் காற்று அந்த ஆலைகளுக்கு ஏன் தோதாக இருந்தது என்று இப்போது விரலுக்கே புரிகிறது.

அறுந்ததை ஒட்டுவதுதான் பெரிய வித்தை. முடிச்சுப் போடக் கூடாது. இரண்டு முனையிலும் முறுக்கைப் பிரித்துப் பஞ்சாக்கி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து விரலால் உருட்ட வேண்டும். எனக்கு ஒரு ஒட்டுக்கு அரை நிமிடம் ஆகிறது. லங்காஷயரில் இது மட்டுமே ஒரு முழு நேர வேலை, அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் உருவாக்கிய மியூல் என்ற நூற்பு எந்திரம் பின்னாளில் நூற்றுக்கணக்கான கதிர்களோடு (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டுகள்) பெரிதானது. கதிர்கள் பூட்டிய வண்டி முன்னும் பின்னும் போய் வரும், நிற்காது, பிள்ளைகள் அதோடு கூடவே நடந்து எட்டி எட்டி ஒட்ட வேண்டும். அதிலும் பொடிசுகள் ஓடுகிற எந்திரத்துக்கு அடியில் புகுந்து பஞ்சுத்தூசியைக் கூட்டியெடுத்தார்கள்.

அதற்காக, முன்பு வீட்டில் ராட்டை சுற்றிய பெண்கள் சொகுசாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு நெசவாளிக்கு நூல் கொடுக்கவே பல பேர் நூற்க வேண்டியிருந்தது, கூலியும் சொற்பம். ஆனால் அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போகலாம். நானும் சனிக்கிழமை இரண்டு தடவை அப்படித்தான் தக்ளியைக் கீழே வைத்தேன். 1771-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்ற ஆலை முதலாளி இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் கட்டிய, நீரால் ஓடும் நூற்பாலையில் அது நடக்காது. ஓடை நீர் இரவும் பகலும் ஓடும், எந்திரமும் ஓடும், ஆட்கள் 12 மணி நேர ஷிஃப்டில் மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரிட்டனில் பருத்தி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1819-இலேயே சட்டம் வந்தது, ஆனால் அதைக் கண்காணிக்க அரசு ஆய்வாளர்களைப் போட்டது 1833-இன் சட்டம்தான். அந்தச் சட்டப்படி 9 முதல் 13 வயது வரை வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இதையெல்லாம் கண்காணிக்க முதலில் போட்ட ஆய்வாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? நாடு முழுக்க 4 பேர்!

சரி, நம் கதைக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக்கே இடது தோள் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் பக்கத்தில் ஈரத்துணியை விரித்துவைத்து நூற்கப் போகிறேன், 31 எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம்.