மூணு கண்ணும் என் பெட்ரோல் டேங்கும்

ஆழ்வார்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு தென்னை நிற்கிறது. மத்தியானம் ஆனால் ஆச்சி அதன் அடியில்தான் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுப்பாள். நெத்து விழுந்து மண்டை உடைந்துவிடும் என்று யார் சொன்னாலும் ஒரே பதில்தான்: "தேங்காய்க்கு மூணு கண்ணு இருக்குல்லா, பாத்துதாம்ல விழும்."

கடைசிவரை அவள் மேல் ஒரு குரும்பைகூட விழவில்லை. போன ஆடியில், செங்கோட்டைக் கணவாய்க் காற்று பேயாய் அடித்த ஒரு நாள், நல்ல முற்றிய நெத்து ஒன்று என் பைக்கின் பெட்ரோல் டேங்கில் விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம்.

கோபத்தோடு அந்தக் காயையே எடுத்து உரித்தேன். கண்கள் மூன்றும் இருந்தன, ஆனால் ஒன்றுதான் மெத்தென்றிருக்கும். சின்ன வயதில் கோணி ஊசியால் அதைக் குத்தித்தான் தண்ணீரை உறிஞ்சுவோம். முளை வருவதும் அந்தக் கண் வழியாகத்தான். தென்னம்பூவின் சூலகம் மூன்று பிரிவுகள் சேர்ந்தது. அதில் ஒன்றுதான் விதையாகும். அந்த மூன்றின் அடையாளம்தான் மூன்று கண்ணும். ஆக, பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முளைக்கும்போது உள்ளே பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று வளர்ந்து, தண்ணீரையும் பருப்பையும் உறிஞ்சி முளைக்கு ஊட்டும். அதைத்தான் இப்போது தேங்காய்ப்பூ என்று ரோட்டோரத்தில் வண்டியில் வைத்து விற்கிறார்கள். ஆச்சி இருந்தால் திட்டியிருப்பாள். நாம் கன்றுக்கு வைத்திருக்கிற பெயரே தென்னம்பிள்ளை அல்லவா!

சரி, இனியும் விடக்கூடாது என்று தேங்காய் வெட்டுகிற அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். மேலே ஏறியவர், "குருத்துல வண்டு விழுந்திருக்கு தம்பி" என்று குரல் கொடுத்தார். காண்டாமிருக வண்டு. விரியாத குருத்தை அது துளைத்துவிட்டால், பிறகு விரிகிற ஓலை கத்தரியால் வெட்டிய விசிறி போல இருக்கும். குற்றம் எங்கள் மேல்தான். மரத்துக்குப் பக்கத்திலேயே எருக்குழி. அதில்தான் அதன் புழு கொழுத்து வளர்கிறது. கம்பியால் வண்டைக் குத்தி எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து மட்டை இடுக்கில் போட்டார்.

ஒரே மரத்தில் குரும்பை, இளநீர், தேங்காய், நெத்து என எல்லா வயதும் ஒன்றாகத் தொங்குவதற்கும் அவர்தான் கணக்குச் சொன்னார். மாதத்துக்கு ஒரு மட்டை, மட்டைக்கு ஒரு பாளை. காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம். அதனால் ஒரு வருஷக் காய்ப்பு எப்போதும் மரத்தில் வரிசையாய் நிற்கும்.

கீழே விழுந்த குப்பையை அம்மா ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. கொதும்பு, அதாவது பாளையை மூடியிருந்த காய்ந்த உறை, வெந்நீர் அடுப்புக்கு, ஈர்க்கு வாரியலுக்கு. மட்டை அடியில் வலை மாதிரி இருக்கிற பன்னாடை மட்டும் இந்தக் காலத்தில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. முன்பு அதுதான் வடிகட்டி. நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிற குணத்தால்தான் அது வசவாகவும் ஆனது. தாத்தா என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

சிரட்டையைத் தெருமுனை இஸ்திரிக்காரர் வாங்கிக்கொண்டார். சிரட்டைக்கரி லேசுப்பட்டதில்லை. முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்குள் அதை வைத்திருந்தார்கள். இன்றைக்குப் பல வாட்டர் ஃபில்டர்களில் இருப்பதும் அதுதான்.

வெட்டிய காயில் இரண்டை அன்றைக்கே திருவி அம்மா சொதி வைத்தாள். மூன்று முறை பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் பாசிப்பருப்போடு கொதிக்கும். முதல் பால் கடைசியில்தான். ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். இறக்கி எலுமிச்சை பிழிந்து, கூட இஞ்சித் துவையல். மறுவீட்டு மாப்பிள்ளைக்கு இதைப் போடாத சைவ வீடு திருநெல்வேலியில் குறைவு.

சாப்பிடும்போது டேங்க் பள்ளத்தை எடுக்க 1,800 ரூபாய் கேட்கிறார்கள் என்றேன். கண் பார்த்து விழுந்த லட்சணத்தைப் பாரு என்றும் சேர்த்துக்கொண்டேன். அம்மா இன்னொரு கரண்டி சொதியை ஊற்றினாள்.

"நீ வண்டிய நிப்பாட்டிட்டு உள்ள வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சுல்லா விழுந்துச்சு? பாத்துதாம்ல விழுந்திருக்கு."