வழிகாட்டி வர முடியாத தெரு

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். எருசலேமின் டமாஸ்கஸ் வாசலுக்கு அருகில் பேருந்து ஏறி, பெத்லகேமின் 300ஆம் எண் இஸ்ரேலியச் சோதனைச்சாவடியை நடந்தே கடந்து வெளியே வந்த மறு நிமிடம் என் பையைப் பிடித்துக்கொண்ட டாக்சி ஓட்டுநர், மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு 80 ஷெகல் கேட்டார். பேரம் பேசி 50க்கு இறக்கிவிட்டேன் என்ற பெருமிதத்தோடு விடுதிக்குள் நுழைந்தால், 20 கொடுத்திருந்தால் போதும் என்கிறார் விடுதிக்காரர். நான் போன 2019 அக்டோபரில் ஒரு ஷெகல் ஏறத்தாழ 20 ரூபாயாக இருந்ததால் வந்த முதல் மணி நேரத்திலேயே 600 ரூபாய் வீண். வழியில் அந்த ஓட்டுநர் தன் கதையைச் சொன்னார். பல ஆண்டுகள் எருசலேமில் கட்டட வேலைக்குப் போய்வந்தாராம். ஒருநாள் அதற்காக இஸ்ரேல் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டு ரத்தாயிற்று. காரணம் கேட்டதற்கு ‘பாதுகாப்பு’ என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாகக் கிடைத்ததாம். அது உண்மையாகவே இருக்கட்டும், என் 600 ரூபாயை நான் இன்னும் மறக்கவில்லை.

பெத்லகேமின் பிறப்புத் தேவாலயத்தைப் பற்றி, அரசு மானியத்துடன் ஆண்டுதோறும் வரும் தமிழ்நாட்டுப் புனிதப் பயணிகள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். அவர்களுடைய பேருந்துகள் பெரும்பாலும் திரும்பிவிடும் இடத்துக்குத் தெற்கே இருக்கிறது நான் எழுத வந்த ஊர். தமிழ் விவிலியம் எபிரோன் என்றும், அங்குள்ளவர்கள் அல்-கலீல் என்றும் அழைக்கும் ஹெப்ரோன் அது; இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையில் இருக்கிறது.

பெத்லகேமிலிருந்து அங்கு செல்ல ஆள் நிறைந்ததும் கிளம்பும் மஞ்சள் நிற செர்வீஸ் வண்டிக்குப் பத்து ஷெகல்தான் ஆயிற்று. அதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. பின்னிருக்கையிலிருந்து கைமாறி முன்னே போகும் பணம், மீதிச் சில்லறையாக அதே வழியில் திரும்பி வருகிறது. 60ஆம் எண் நெடுஞ்சாலையில் மஞ்சள் எண் பலகை கொண்ட இஸ்ரேலிய வண்டிகளும் வெள்ளையில் பச்சை எழுத்துக் கொண்ட பாலஸ்தீன வண்டிகளும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் பாலஸ்தீன ஊர்களுக்குள் திரும்பும் சில கிளைச்சாலைகளின் வாயிலில் மட்டும் இரும்புக் கதவுகள் நிற்கின்றன. சாவி ராணுவத்திடம் இருக்கிறது. மேட்டில் தெரியும் வீடுகளில் கூரையின் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் இருந்தால் அது பாலஸ்தீன ஊர், இல்லாவிட்டால் இஸ்ரேலியக் குடியேற்றம் என்று பக்கத்து இருக்கைக்காரர் அடையாளம் சொல்லிக்கொடுத்தார். குழாயில் எந்த நாள் தண்ணீர் வரும் என்ற உறுதி இல்லாதவர்தான் தொட்டி வைக்கிறார்.

1997ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஹெப்ரோன் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 80 சதவீதம் பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழ் வந்தது. பழைய நகரத்தை உள்ளடக்கிய மீதி 20 சதவீதம் இஸ்ரேலிய ராணுவத்தின் கட்டுப்பாட்டில் தொடர்கிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வாழும் அந்தப் பகுதியின் நடுவே சில நூறு யூதக் குடியேற்றவாசிகள் வாழ்கிறார்கள். ஒரே தெருவில் இரு சிறுவர்கள் கல்லெறிந்தால், குடியேற்றவாசியின் பிள்ளைக்கு இஸ்ரேலியக் குடிமைச் சட்டமும் பாலஸ்தீனப் பிள்ளைக்கு ராணுவ நீதிமன்றமும் காத்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டுத்தான் போனேன் என்றாலும், பழைய சந்துக்குள் நுழைந்து தலைக்கு மேலே பார்த்தபோதுதான் உறைத்தது. மாடியில் குடியேறியவர்கள் வீசும் குப்பை வியாபாரிகள் தலையில் விழாதிருக்கக் கடைத்தெரு முழுவதற்கும் கம்பி வலை கட்டியிருக்கிறார்கள். வலையில் கற்களும் பாட்டில்களும் கிழிந்த பைகளும் தொங்குகின்றன. கழிவுநீரை வலை தடுக்காது என்று ஒரு துணிக்கடைக்காரர் கறை படிந்த அங்கியைக் காட்டினார்.

என் வழிகாட்டி முப்பது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். இப்ராஹிமி பள்ளிவாசல் வரை அவர் உடன் வந்தார். 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாதத்து வைகறைத் தொழுகையில் குனிந்திருந்தவர்களைப் பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேற்றவாசி சுட்டதில் 29 பேர் இறந்தது இங்கேதான். அதன் பிறகு ஊரடங்கில் வீட்டுக்குள் அடைக்கப்பட்டவர்கள் பாலஸ்தீனர்கள். பள்ளிவாசல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு ஒரு பகுதி யூத வழிபாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. ஆபிரகாமின் நினைவுச் சமாதியை இரு தரப்பும் எதிரெதிர்ச் சன்னல்கள் வழியே பார்க்கிறார்கள். பாங்கு சொல்லும் அறை யூதப் பகுதிக்குள் அமைந்துவிட்டதால், மோதினார் ராணுவ வீரரின் துணையோடுதான் அங்கு சென்று வர வேண்டும் என்றார் வழிகாட்டி.

அடுத்தது ஷுஹதா தெரு. ஒரு காலத்தில் ஊரின் முதன்மையான கடைவீதி. படுகொலைக்குப் பின் பாலஸ்தீன வாகனங்கள் தடுக்கப்பட்டன; 2000இல் இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி தொடங்கிய பிறகு தெருவின் பெரும்பகுதியில் பாலஸ்தீனர் கால் வைக்கவும் கூடாதென்றாயிற்று. இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நகரின் அந்தப் பகுதியில் 1,829 கடைகள் மூடப்பட்டும் 1,014 வீடுகள் காலியாகியும் கிடந்தன. இத்தகைய தெருக்களுக்கு ராணுவத்தினர் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்டெரைல்’. அறுவை சிகிச்சை அறையில் கேட்க வேண்டிய சொல். அங்கே நீக்கப்பட்ட கிருமி யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தடுப்பருகே வழிகாட்டி நின்றுவிட்டார். தான் பழைய சந்துகள் வழியாகச் சுற்றி மறுமுனைக்கு வருவதாகச் சொன்னவர், தயங்கிவிட்டு, இடப்புறம் மாதுளைப் படம் வரைந்த மங்கிய பலகைக்குக் கீழே இருக்கும் பச்சைக் கதவைப் புகைப்படம் எடுத்துவர முடியுமா என்று கேட்டார். அது அவருடைய தந்தையின் கடை. ராணுவ வீரன் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, என்ன மதம் என்று கேட்டான். பதில் சொன்னேன், உள்ளே விட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன அருவருப்பு இன்னும் போகவில்லை. தெருவில் இரண்டு பக்கமும் அடைத்த பச்சைக் கதவுகள், பற்றவைத்து மூடப்பட்ட வீட்டு வாசல்கள், குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்லும் ஒரு குடியேற்றப் பெண், காவற்கூண்டுகள், அசாதாரணமான சுத்தம். முன்வாசல் மூடப்பட்ட வீடுகளில் இன்னும் தங்கியிருப்பவர்கள் பின்புறமாகவோ பக்கத்து மாடி தாண்டியோ போய்வருகிறார்கள். 2019 ஜனவரியில் இஸ்ரேல் அனுமதியை நீட்டிக்க மறுத்ததால், 1994 படுகொலைக்குப் பின் ஏற்பட்ட பன்னாட்டுக் கண்காணிப்புக் குழுவும் இப்போது ஊரில் இல்லை.

மாதுளைப் பலகையைக் கண்டுபிடித்தேன். 56ஆம் எண் சோதனைச்சாவடியின் சுழல்கதவைத் தாண்டி வெளியே வந்தபோது எனக்கு முன்பே வந்து காத்திருந்த வழிகாட்டி, கைப்பேசியை வாங்கிப் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பூட்டை வெகுநேரம் பார்த்தார். தன் தந்தை போட்ட பூட்டு இதுவல்ல என்றார்.

அதன் பிறகு சாப்பிட்டோம்; அதைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் நாக்கு மன்னிக்காது. கித்ரா என்பது ஹெப்ரோனின் பெருமை. அரிசி, ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை, உரிக்காத முழுப் பூண்டு, ஆட்டு நெய் ஆகியவற்றைச் செம்புப் பானையில் இட்டு, விறகு எரியும் ரொட்டி அடுப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். பிரியாணியின் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் மசாலா அடக்கமாகவும் நெய்யும் புகையும் தாராளமாகவும் இருக்கின்றன. வெந்து குழைந்த பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கிச் சோற்றோடு பிசைந்து, தயிரோடு உண்டால் எருசலேமில் மும்மடங்கு விலைக்குத் தின்ற எல்லாமே மறந்துபோகும். சாப்பிட்டுக்கொண்டே வழிகாட்டி தம்பியைப் பற்றிச் சொன்னார். நிர்வாகத் தடுப்புக் காவல் என்ற முறையில் குற்றச்சாட்டே இல்லாமல் யாரையும் ராணுவத் தளபதி ஆறு மாதம் வரை அடைக்கலாம், மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம். ஆதாரம் ரகசியம் என்பதால் வழக்கறிஞருக்கும் காட்டத் தேவையில்லை. தம்பிக்கு இது மூன்றாவது ஆறு மாதம். விடுதலையாகும் தேதி தெரிந்தால் அம்மா காலண்டரில் கிழித்துக்கொண்டிருப்பார் என்றார். இரண்டு தட்டுக்கு 70 ஷெகலை அவரே கொடுத்தார். நான் நீட்டிய பணத்தைத் திருப்பி என் சட்டைப் பைக்குள் திணித்தார்.

மாலையில் பெத்லகேமிலிருந்து எருசலேம் திரும்பும் பேருந்து பெய்ட் ஜாலா சோதனைச்சாவடியில் நின்றது. ஓட்டுநர் எதுவும் சொல்வதற்கு முன்பே பாலஸ்தீனப் பயணிகள் எழுந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நின்றார்கள். சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்தே இருக்கலாம். என் பக்கத்திலிருந்த பெண் இறங்கும்போது திராட்சைப் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஏறிய இளம் ராணுவ வீரன் என் கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்ததும் சிரித்து, “நமஸ்தே” என்றான். சன்னலுக்கு வெளியே அந்தப் பெண் வரிசையில் எட்டாவதாக நின்றிருந்தார்.