வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்

பழ ஈயோட முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். ப்ளீச்ல கொஞ்ச நேரம் போட்டு வெளி ஓட்டை எடுத்து, நல்லா கழுவி, கவர்ஸ்லிப்னு சொல்ற மெல்லிசான கண்ணாடித் துண்டுல பசை தடவி ஒட்டி, காஞ்சிடாம மேல ஒரு சொட்டு ஹாலோகார்பன் எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்புக்கு கொண்டு போறதுக்குள்ள கரு நமக்காக காத்துட்டு இருக்காது. முட்டை போட்டு 3 மணி நேரத்துல அடிவயித்துப் பக்க செல்லெல்லாம் உள்ள மடங்க ஆரம்பிக்கும், கால் மணி நேரம் அசந்தா அன்னிக்கு அந்த மடிப்பை பாக்கவே முடியாது.

நான் பாத்தது அதுக்கு ரொம்ப பின்னாடி வர்ற கட்டம். முதுகுல அம்னியோசெரோசான்னு மெல்லிசா ஒரு திசு, அதை மூட ரெண்டு பக்கத்துலேர்ந்தும் தோல் நகர்ந்து வந்து நடுவுல சேரும். செல்லையும் செல்லையும் ஒட்ட வைக்க செல் ஓரத்துல இருக்குற கேட்ஹெரின் புரதத்தோட, பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பிங்கற இன்னொரு புரதத்தை சேர்த்திருப்போம், அதனால திரையில பச்சை வலை விரிச்ச மாதிரி இருக்கும். சீனியர் அக்கா முதல் நாளே கேட்டாங்க, "இதுல எது இழுக்குது, எது இழுபடுது, சொல்லு பாப்போம்". ஒரு மணி நேரம் பாத்தும் சொல்ல முடியல. "அப்போ வெட்டித்தான் கேக்கணும்"னாங்க.

ஒரே ஒரு செல் எல்லையில புறஊதா லேசர் துடிப்பு விழுந்துது. அதுவரைக்கும் சும்மா கிடந்த மாதிரி இருந்த கோடு, அறுந்த ரப்பர் பேண்டு கணக்கா ரெண்டு பக்கமும் விலகிப் போச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, இவ்வளவு இழுவிசையை தாங்கிட்டா இது அசையாம இருந்துது!

விலகுற வேகத்தை வச்சு இழுவிசையை கணக்கு போடலாம், ஆனா திசு எவ்வளவு பிசுபிசுப்பா இருக்குங்கறதும் அதே வேகத்துல கலந்து வரும், அதனால ஒரு எண்ணை தனியா நம்பக் கூடாது, வேற திசையில வெட்டினதோட ஒப்பிட்டுத்தான் பேசணும். லேசர் பவர் கொஞ்சம் கூடினா குமிழி வெடிச்சு சுத்தி இருக்குற செல்லும் கிழியும், அந்த டேட்டாவை தூக்கிப் போட்டுடணும், நான் நிறைய தூக்கிப் போட்டிருக்கேன்.

படம் பளிச்சுனு வரணும்னு வெளிச்சத்தை ஏத்துறதும் தப்பு, கரு வளராமலே நின்னுடும். அதனால படம் எடுத்து முடிச்ச கருவை ஈரப் பெட்டியில வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். மறுநாள் காலைல முதல் வேலை அதைத் திறக்கறதுதான். முட்டையோட காலியான சவ்வு ஒரு பக்கம், எண்ணெயில நெளியுற புழு ஒரு பக்கம் இருந்தா, கரு கெடாம வளர்ந்து பொரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், நேத்து எடுத்த படத்தை நம்பி அளக்க ஆரம்பிப்பேன்.